வடிகட்டியின் சாவி யாரிடம்?

பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியல் பாடநூலில் இனப்பெருக்க நலன் குறித்த பாடம் இருக்கிறது. அதை நடத்தவிருக்கும் ஆசிரியர், பால்வினை நோய்களைப் பற்றிய விளக்கப்படம் ஒன்றைத் தேடிப் பள்ளிக் கணினியின் முன் அமர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தேடும் சொல்லைத் தட்டியதும், 'இந்தப் பக்கம் தடை செய்யப்பட்டுள்ளது' என்ற அறிவிப்பு திரையில் தோன்றுகிறது. தடை செய்தவர் யார், காரணம் என்ன, யாரிடம் முறையிட்டால் தடை நீங்கும் என்ற விவரம் எதுவும் அதில் இல்லை. ஆசிரியர் கரும்பலகைக்குத் திரும்பிவிடுவார். வகுப்பில் பதில் கிடைக்காத மாணவி ஒருத்தி, மாலையில் வீட்டிலுள்ள கைப்பேசியில், எந்தத் தடையும் எந்தத் துணையும் இல்லாமல், அதே சொல்லைத் தேடுவாள்.

பள்ளிகளில் இணைய வடிகட்டல் என்னும் சிக்கலின் இரு முனைகளும் இந்த ஒரு காட்சியில் அடங்கிவிடுகின்றன. கற்பிக்க வேண்டியவரின் கையைக் கட்டிவிட்டு, காக்கப்பட வேண்டியவரைத் தனியே விட்டுவிடும் ஏற்பாட்டைப் பாதுகாப்பு என்று எப்படி அழைப்பது?

வடிகட்டி தேவையா என்பது இங்கு கேள்வியே இல்லை. ஆபாசக் காட்சிகள், சூதாட்டத் தளங்கள், தற்கொலையைத் தூண்டும் பக்கங்கள் ஆகியவற்றின் முன் பத்து வயதுக் குழந்தையைத் தனியே உட்காரவைக்க எந்தப் பெற்றோரும் உடன்படமாட்டார்கள். எவ்வளவு வடிகட்டுவது, யார் முடிவு செய்வது, முடிவு தவறானால் யார் எவ்வளவு விரைவில் திருத்துவது என்பவையே விடை காண வேண்டிய கேள்விகள். இவற்றைச் சட்டம், நீதிமன்றம், ஆய்வு என்ற மூன்று களங்களிலும் கால் நூற்றாண்டாக எதிர்கொண்டுவரும் நாடு அமெரிக்கா. அந்நாட்டின் பட்டறிவு நமக்கும் பயன்படும்.

சட்டம் கேட்டதும் பள்ளிகள் செய்ததும்

அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் அடிப்படையில், பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் இணைய இணைப்பைச் சலுகைக் கட்டணத்தில் வழங்கும் 'இ-ரேட்' திட்டம் உருவானது. பள்ளி அமைந்துள்ள பகுதியின் வறுமைநிலையைப் பொருத்து 20 முதல் 90 விழுக்காடு வரை கட்டணத்தில் தள்ளுபடி கிடைத்தது. இணைப்பு பரவியதும் அச்சமும் பரவியது. விளைவாக, 2000 டிசம்பரில் குழந்தைகள் இணையப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. இணைய இணைப்புக்கான சலுகையைப் பெற விரும்பும் பள்ளிகள் தங்கள் கணினிகளில் வடிகட்டியைப் பொருத்தியாக வேண்டும் என்பது அதன் சாரம்.

இந்தச் சட்டம் உண்மையில் கேட்டது மிகக் குறைவு என்பதைக் கவனிக்க வேண்டும். சட்டத்தின் பார்வையில் ஆபாசமானவை, சிறாரைப் பாலியல் நோக்கில் காட்டுபவை, சிறார்க்குத் தீங்கு விளைவிப்பவை என மூவகைக் காட்சிகளைத் தடுக்கும்படி மட்டுமே அது கூறியது. எழுத்து வடிவிலான செய்திகளைத் தடுக்கச் சொல்லவில்லை. சமூக ஊடகங்களைப் பற்றியோ, காணொலித் தளங்களை முடக்குவது பற்றியோ அதில் கட்டளை ஏதும் இல்லை. வடிகட்டி ஆசிரியர்களின் கணினிகளிலும் இயங்க வேண்டும். எனினும், ஆய்வு போன்ற சட்டத்துக்கு உட்பட்ட தேவை வயதுவந்த ஒருவருக்கு ஏற்பட்டால், பள்ளி நிர்வாகம் அதை நீக்கித்தரலாம் என்று சட்டமே வழிவிட்டது. பயன்பாட்டைத் தனித்தனியே பின்தொடர்ந்து பதிவு செய்யும் கடமையைச் சட்டம் விதிக்கவில்லை என்றும் அதில் தெளிவாகச் சொல்லப்பட்டது.

இச்சட்டத்தை நூலகங்கள் மீது திணிப்பது கருத்துரிமைக்கு எதிரானது என்று அமெரிக்க நூலகச் சங்கம் வழக்குத் தொடுத்தது. கீழமை நீதிமன்றம் சங்கத்தின் வாதத்தை ஏற்றது. 2003 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் சட்டத்தை நிலைநிறுத்தியது. ஆனால், பெரும்பான்மையோடு சேர்ந்த நீதிபதி கென்னடி தனியே எழுதிய கருத்து முக்கியமானது. வயதுவந்தவர் கேட்ட மாத்திரத்தில், பெரிய தாமதம் இன்றி நூலகர் தடையை நீக்கித்தர முடியும் என்றால் சிக்கல் பெரிதாக எழாது. அப்படி முடியாது என்று தெரியவந்தால், அது தனியே வழக்காட வேண்டிய விஷயம் என்பது அவர் நிலை. அதாவது, வடிகட்டியின் நியாயம் அதன் வலிமையை மட்டும் சார்ந்ததன்று. அதை எவ்வளவு எளிதில் திறக்க முடியும் என்பதையும் சார்ந்தது.

நடைமுறையில் பல பள்ளிகள் சட்டம் கேட்டதைக் காட்டிலும் வெகுதூரம் சென்றன. சலுகையை இழந்துவிடுவோமோ என்ற அச்சம் ஒரு காரணம். யோசித்து முடிவெடுப்பதைவிட, மென்பொருளில் உள்ள எல்லாக் கட்டங்களிலும் குறியிட்டுவிடுவது எளிது என்பது மற்றொரு காரணம். வலைப்பூக்கள், கலந்துரையாடல் தளங்கள், காணொலித் தளங்கள் எனப் பாடத்துக்கு உதவக்கூடிய பலவும் தடைப்பட்டியலில் சேர்ந்தன. இதன் மீது கவனத்தை ஈர்க்க, 2011 முதல் அங்குள்ள பள்ளி நூலகர்கள் 'தடைசெய்யப்பட்ட இணையதளங்கள் விழிப்புணர்வு நாள்' என்று ஒரு நாளையே அனுசரிக்கத் தொடங்கினர்.

வடிகட்டி எப்படி முடிவெடுக்கிறது?

வடிகட்டி என்பது படித்துப் பார்த்துத் தீர்ப்பளிக்கும் ஆசிரியர் அன்று. பெரும்பாலும் அது மூன்று வழிகளில் இயங்குகிறது. முதலாவது, சொற்பட்டியல். விலக்கப்பட்ட சொல் ஒன்று பக்கத்தில் இருந்தால் தடை. 1996-இல் இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் நகர மக்கள் ஏ.ஓ.எல். நிறுவனத்தில் கணக்குத் தொடங்க முடியாமல் தவித்தார்கள். அவர்களுடைய ஊர்ப்பெயரின் எழுத்துகளுக்கு இடையே ஆங்கில வசைச்சொல் ஒன்று ஒளிந்திருந்ததே காரணம். இத்தகைய பிழைக்கு 'ஸ்கன்தார்ப் சிக்கல்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. மார்பகப் புற்றுநோய் குறித்த பக்கம் ஆபாசப் பக்கமாகத் தோன்றுவதும் இதே குறைபாட்டின் விளைவுதான்.

இரண்டாவது, வகைப்பாட்டுப் பட்டியல். மென்பொருள் நிறுவனங்கள் கோடிக்கணக்கான தளங்களைச் 'சூதாட்டம்', 'பாலியல்', 'வன்முறை', 'விளையாட்டு' என வகைபிரித்து வைத்திருக்கின்றன. பள்ளி எந்தெந்த வகைகளை மூடுவது என்று மட்டும் தேர்ந்தெடுக்கிறது. எந்தத் தளம் எந்த வகையில் சேர்க்கப்பட்டது என்பது பெரும்பாலும் நிறுவனத்தின் வணிக ரகசியம். ஒரு பள்ளியின் நூலகத்தில் எந்தப் புத்தகம் இருக்கக் கூடாது என்பதைப் பெயர் தெரியாத வெளிநாட்டு நிறுவனம் முடிவு செய்தால் நாம் ஏற்போமா? இணையத்தில் அதைத்தான் ஏற்றுக்கொண்டிருக்கிறோம்.

மூன்றாவது, தேடுபொறிகளும் காணொலித் தளங்களும் தாமே வழங்கும் ஏற்பாடு. கூகுளின் பாதுகாப்பான தேடல் வசதியையும், யூடியூபின் கட்டுப்படுத்தப்பட்ட பயன்முறையையும் பள்ளி முழுமைக்கும் ஒரே இடத்திலிருந்து கட்டாயமாக்க முடியும். இது ஒப்பீட்டளவில் மென்மையான வழி. தளம் முழுவதையும் மூடாமல், பொருந்தாத முடிவுகளை மட்டும் விலக்க முனைகிறது.

இன்று நிலைமை மேலும் சிக்கலாகியுள்ளது. பெரும்பாலான தளங்கள் குறியாக்கம் செய்யப்பட்ட இணைப்பில் இயங்குவதால், எந்தத் தளத்துக்குச் செல்கிறோம் என்பது மட்டுமே வடிகட்டிக்குத் தெரிகிறது. அதில் எந்தப் பக்கத்தைப் படிக்கிறோம் என்பது தெரிவதில்லை. எனவே, ஒரு பக்கத்துக்காகத் தளம் முழுவதையும் மூட வேண்டியிருக்கிறது. அதைத் தவிர்க்க வேண்டுமானால், பள்ளி தன்னுடைய சான்றிதழை ஒவ்வொரு கணினியிலும் நிறுவி, குறியாக்கத்தை நடுவழியில் பிரித்துப் படிக்க வேண்டும். அப்படிச் செய்தால் ஆசிரியரின் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும்கூட அந்தக் கருவியின் கண்ணில் படும். காவலாளாக வைத்தவர் ஒற்றராக மாறும் இடம் இது.

கூடுதல் இறுக்கத்தின் விலை

'கொஞ்சம் கூடுதலாகத் தடுத்தால் என்ன குறைந்துவிடும்?' என்று கேட்பவர்களுக்கு, 2002-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு விடை சொல்கிறது. கைசர் குடும்ப அறக்கட்டளையின் ஆதரவில் நடந்த அந்த ஆய்வில், பள்ளிகளிலும் நூலகங்களிலும் பரவலாகப் பயன்பட்ட வடிகட்டிகள் சோதிக்கப்பட்டன. வளரிளம் பருவத்தினர் தேடக்கூடிய உடல்நலத் தளங்கள் ஏறத்தாழ 3,000, ஆபாசத் தளங்கள் ஏறத்தாழ 500 எடுத்துக்கொள்ளப்பட்டன.

வடிகட்டிகளை மிகத் தளர்வான நிலையில் வைத்தபோது ஆபாசத் தளங்களில் 87 விழுக்காடு தடுக்கப்பட்டன. உடல்நலத் தளங்களில் 1.4 விழுக்காடு மட்டுமே தவறுதலாகத் தடைப்பட்டன. மிக இறுக்கமான நிலையில் ஆபாசத் தளங்களில் 91 விழுக்காடு தடுக்கப்பட்டன. ஆனால், உடல்நலத் தளங்களில் 24 விழுக்காடு காணாமல் போயின. நூற்றுக்கு நான்கு ஆபாசத் தளங்களைக் கூடுதலாகத் தடுக்க, நூற்றுக்கு இருபதுக்கும் மேற்பட்ட உடல்நலத் தளங்களை இழக்க நேர்ந்தது. தளர்வான நிலையிலும், ஆணுறை, பாதுகாப்பான உறவு போன்ற சொற்களைத் தேடியபோது கிடைத்த உடல்நலத் தளங்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்று மறைக்கப்பட்டது.

இருபது ஆண்டுகளுக்கு முந்தைய ஆய்வு இது. மென்பொருள்கள் அதன் பிறகு எவ்வளவோ மாறியிருக்கின்றன. ஆனால், அது காட்டிய கணக்கு எந்தச் சல்லடைக்கும் பொருந்தும். கண்களைச் சிறிதாக்கிக்கொண்டே போனால், ஓர் எல்லைக்குப் பிறகு உமியோடு அரிசியும் தங்கிவிடும்.

இழப்பு எல்லோருக்கும் சமமாக நேர்வதும் இல்லை. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் கேம்டென்டன் பள்ளி நிர்வாகம் பயன்படுத்திய வடிகட்டி, தன்பாலீர்ப்பு கொண்ட மாணவர்களுக்கு ஆதரவளிக்கும் தளங்களைப் 'பாலியல்' என்று வகைப்படுத்தித் தடுத்தது. அவர்களை எதிர்க்கும் தளங்களோ வேறு வகைகளில் சேர்க்கப்பட்டுத் தடையின்றித் திறந்தன. ஒரு தரப்பை மட்டும் மறைப்பது கருத்துரிமைக்கு எதிரானது என்று கண்ட நீதிமன்றம், 2012-இல் அந்த வடிகட்டலுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்தப் பாகுபாடு வகைப்பாட்டுப் பட்டியலுக்குள் மறைந்திருந்ததால், வழக்காடிய பிறகே அது நின்றது.

பூட்டிய பள்ளியும் பழக்கிய பள்ளியும்

தடுப்பது ஒரு புறம் இருக்கட்டும். பழக்குவது குறித்து என்ன தெரிகிறது? இங்கிலாந்தின் பள்ளி ஆய்வு அமைப்பான 'ஆஃப்ஸ்டெட்' 2010-இல் 35 பள்ளிகளைப் பார்வையிட்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. அவற்றில் 13 பள்ளிகள் பெரும்பாலான தளங்களை மூடிவைத்திருந்தன. இணையப் பாதுகாப்பில் மிகச் சிறந்தவை எனக் கண்டறியப்பட்ட ஐந்து பள்ளிகளோ, குறைவான தளங்களை மட்டும் தடுத்து, மற்றவற்றைப் பொறுப்புடன் பயன்படுத்த மாணவர்களைப் பழக்கின. மூடிவைத்த பள்ளிகளின் மாணவர்கள் பள்ளிக்குள் பாதுகாப்பாகவே இருந்தார்கள். ஆனால், தம்மைத் தாமே காத்துக்கொள்ளும் அறிவு, பழக்கப்பட்ட பள்ளிகளின் மாணவர்களிடமே கூடுதலாக இருந்தது. நீந்தத் தெரியாத பிள்ளையைக் குளத்தருகே விடாமலிருப்பது ஒரு நாள் பாதுகாப்பு. நீந்தக் கற்றுக்கொடுப்பது வாழ்நாள் பாதுகாப்பு.

அந்த நாட்டின் கல்வித் துறை இன்று பள்ளிகளுக்கு வழங்கும் குழந்தைப் பாதுகாப்பு வழிகாட்டுதல், வடிகட்டியைக் கட்டாயம் எனச் சொல்வதோடு நிற்கவில்லை. அளவுமீறிய தடையால் கற்பித்தல் நியாயமின்றிச் சுருங்கிவிடக் கூடாது என்றும் எச்சரிக்கிறது. அமெரிக்காவும் 2008-இல் இயற்றிய சட்டத்தின் வழியே, இணையத்தில் நடந்துகொள்ளும் முறை, இணையவழிச் சீண்டல் ஆகியவை குறித்து மாணவர்களுக்குக் கற்பிப்பதைச் சலுகைக்கான நிபந்தனையில் சேர்த்தது. தடுப்பது மட்டும் போதாது என்பதை ஒப்புக்கொள்ள அந்நாட்டுக்கு எட்டு ஆண்டுகள் பிடித்தன.

கண்காணிப்பின் எல்லை குறித்தும் பாடம் இருக்கிறது. பென்சில்வேனியா மாநிலத்தின் லோயர் மெரியன் பள்ளி நிர்வாகம், தான் வழங்கிய மடிக்கணினிகள் தொலைந்தால் கண்டுபிடிப்பதற்காக ஒரு மென்பொருளை நிறுவியிருந்தது. அதன் வழியே மாணவர்களின் வீடுகளில் கணினியின் படக்கருவி இயங்கிப் படங்கள் எடுக்கப்பட்டது 2010-இல் வெளிப்பட்டது. 6,10,000 டாலர் கொடுத்து வழக்குகளைச் சமரசம் செய்துகொள்ள நேர்ந்தது. நல்ல நோக்கத்தோடு வைத்த கருவி என்பதால் மட்டும் அது நல்ல முறையில் பயன்படும் என்று சொல்லிவிட முடியாது.

நமது பள்ளிகளுக்கு என்ன வழி?

இந்தக் கேள்விகள் நமக்குத் தொலைவில் இல்லை. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் (சி.பி.எஸ்.இ.) 2017-இல் வெளியிட்ட சுற்றறிக்கை, தடுப்பு, வடிகட்டல், கண்காணிப்பு மென்பொருள்களைப் பள்ளியின் எல்லாக் கணினிகளிலும் நிறுவும்படி கூறியது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்களும் திறன்மிகு வகுப்பறைகளும் இணைய இணைப்புடன் வந்துவிட்டன. பாடநூல்களில் அச்சிடப்பட்டுள்ள கியூ.ஆர். குறியீடுகள் மாணவரை இணையத்துக்கே அழைத்துச் செல்கின்றன. கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபில் கிடைக்கின்றன. யூடியூபை முற்றிலுமாக மூடும் பள்ளி, அரசின் பாடத்தையும் சேர்த்தே மூடுகிறது.

நமக்கே உரிய இரு சிக்கல்களும் உண்டு. முதலாவது, மொழி. ஆங்கிலத்தை முதன்மையாகக் கொண்டு உருவாக்கப்பட்ட வடிகட்டி, தமிழ்ப் பக்கத்தின் பொருளை அறியாமல் விடக்கூடும். ஆங்கில எழுத்தில் எழுதப்படும் தமிழ் வசைச்சொல்லைப் பற்றியோ சொல்லவே வேண்டாம். ஆகவே, வாங்கும் முன்பே தமிழ்ப் பக்கங்களைக் கொண்டு சோதித்துப் பார்ப்பது கட்டாயம். இரண்டாவது, வீடு. வீட்டில் அகலக்கற்றை இணைப்பும், அருகில் அமர்ந்து விளக்கும் பெற்றோரும் வாய்த்த மாணவருக்குப் பள்ளியின் தடை ஒரு சிறு தொல்லை. குடும்பம் முழுவதற்கும் ஒரே கைப்பேசி உள்ள மாணவருக்கோ, பெரிய திரையில், ஆசிரியரின் துணையோடு இணையத்தைக் காணும் ஒரே இடம் பள்ளிதான். அளவுமீறிய தடையின் சுமை ஏழை மாணவரின் தோளில்தான் இறங்குகிறது.

2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிறையாதவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதைத் தடை செய்கிறது. கல்வி நிறுவனங்களுக்கு, கல்விப் பணிக்காகவும் மாணவரின் பாதுகாப்புக்காகவும் அதன் விதிகள் விலக்கு அளித்துள்ளன. விலக்கு என்பது எல்லையற்ற உரிமை ஆகாது. என்ன பதிவு செய்யப்படுகிறது, யார் பார்க்கலாம், எப்போது அழிக்கப்படும் என்பதைப் பள்ளி எழுத்தில் வைத்துப் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் அறிவிக்க வேண்டும்.

செய்யக்கூடியவை கடினமானவை அல்ல. ஆசிரியருக்கும் மாணவருக்கும் ஒரே அளவுகோல் கூடாது. ஆசிரியர் தன் கணக்கின் வழியே, ஒரு பாடவேளைக்கு மட்டும், காரணத்தைப் பதிவு செய்துவிட்டுத் தடையை நீக்கிக்கொள்ளும் வசதி வேண்டும். ஆறாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் ஒரே வடிகட்டி பொருந்தாது. வயதுக்கேற்பத் தளர்வு வேண்டும். தடை அறிவிப்பிலேயே காரணமும், மறுஆய்வு கோரும் வழியும் இருக்க வேண்டும். கூச்சம் தரும் தலைப்பைத் தேடும் மாணவர் தன் பெயரைச் சொல்லாமலே கோரிக்கை வைக்க இயல வேண்டும். அறிவியல் ஆசிரியர், நூலகப் பொறுப்பாளர், பெற்றோர் ஆகியோர் கொண்ட சிறு குழு பருவத்துக்கு ஒருமுறை தடைப்பட்டியலைப் பார்வையிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தவறான பக்கம் கண்ணில் பட்டால் மாணவர் அஞ்சி ஒளிக்காமல் ஆசிரியரிடம் வந்து சொல்லும் சூழல் வேண்டும். அது எந்த மென்பொருளும் தராதது.

பள்ளி மதிலுக்கு வெளியே கைப்பேசியின் இணைப்பும், தடையைத் தாண்டும் செயலிகளும் மாணவருக்காகக் காத்திருக்கின்றன. அங்கு அவரோடு செல்லப்போவது பள்ளியில் பெற்ற பகுத்தறியும் பழக்கம் மட்டுமே. தொடக்கத்தில் சொன்ன அந்த ஆசிரியரின் கையில் சாவி இருந்திருந்தால், அந்த மாணவி தன் கேள்விக்கு வகுப்பிலேயே விடை பெற்றிருப்பாள். குழந்தைகளைக் கற்பிக்க ஒருவரை நம்பி வகுப்பறையை ஒப்படைக்கிறோம். ஒரு பக்கத்தைத் திறக்கவும் அவரை நம்புவோம்.